மூச்சுக்குழாய் வெப்பச் சிகிச்சை: வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

என் மனைவிக்கு இருபது வருடமாக ஆஸ்துமா. போகிப் புகை, மார்கழிப் பனி, ஐப்பசி மழையில் ஊறிய சுவர், எது வந்தாலும் வீசிங். இன்ஹேலரை முழு அளவில் எடுத்தும் வருடத்துக்கு நான்கைந்து முறை ஸ்டீராய்டு மாத்திரை வரை போகும். சில வருடங்களுக்கு முன் சென்னையில் பிராங்கியல் தெர்மோபிளாஸ்டி என்ற மூச்சுக்குழாய் வெப்பச் சிகிச்சை செய்துகொண்டாள். கூட இருந்து பார்த்தவன் என்ற முறையில், இந்த யோசனையில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

ஆஸ்துமா முற்றியவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை தடித்துவிடும். சின்னச் சீண்டலுக்கும் இறுக்கிப் பிடிக்கும். பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கருவி) வழியாக கதீட்டர் என்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டு, அதன் நுனியில் விரியும் கம்பிக்கூடையால் குழாய்ச் சுவருக்கு 65 டிகிரி வெப்பம் கொடுக்கிறார்கள், ஒவ்வொரு இடத்திலும் 10 வினாடி. தசை குறைகிறது. வெளியே வெட்டும் இல்லை, தையலும் இல்லை. அமெரிக்காவில் 2010இல், 18 வயது நிரம்பியவர்களுக்கு அனுமதி கிடைத்தது.

முதலில் இன்ஹேலரைச் சரிபாருங்கள். அழுத்திவிட்டு அரை நொடி கழித்து இழுத்திருக்கிறாள் என் மனைவி, அதுவும் இத்தனை வருடமாக! ஸ்பேசர் (இன்ஹேலர் முனையில் மாட்டும் கூடு) வைத்துப் பழக்கிய பிறகும் அடங்காததால்தான் டாக்டர் இந்தப் பேச்சையே எடுத்தார். நீங்களும் அந்தப் படியைத் தாண்டாதீர்கள். இதற்குப் பதிலாக ஆஸ்துமாவுக்கான ஊசி மருந்துகள் ஒத்துவருமா, அந்தக் கதீட்டர் இப்போது கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் இது கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மொத்தம் மூன்று அமர்வு, இடையில் குறைந்தது மூன்று வாரம். முதலில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி, அடுத்து இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி, கடைசியில் இரண்டு மேல்பகுதிகள். நாங்கள் பிப்ரவரியில் ஆரம்பித்தோம். போகியும் மழையும் இல்லாத மாதங்களாகப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. சளி, காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுவார்கள், கோபப்படாதீர்கள். மூன்று நாள் முன்பிருந்தே ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கச் சொல்வார்கள். ஒரு வேளைகூட விடக்கூடாது.

அப்புறம், எங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லாத விஷயம்: சிகிச்சை முடிந்த கையோடு மூச்சு சுலபமாகிவிடாது, முதல் சில நாள் மோசமாகும். வெப்பம் பட்ட குழாய் வீங்கும், சளி கூடும். பெரம்பூரில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி எங்கள் வீடு. முதல் அமர்வு முடிந்த இரவு, ஏறி வந்தவளுக்குப் பேச்சே வரவில்லை. அந்த ராத்திரியை நான் மறக்கவே மாட்டேன். இரண்டாவது முறை தரைத்தளத்தில் இருக்கும் அவளுடைய நாத்தனார் வீட்டில் ஒரு வாரம் தங்கினோம். நெபுலைசர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பீக் ஃப்ளோ மீட்டரை (மூச்சு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று அளக்கும் கருவி) காலையும் மாலையும் ஊதி எண்ணை எழுதுங்கள். நாங்கள் பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே எழுதினோம். அவரவரின் நல்ல நாள் அளவில் பாதிக்குக் கீழே போனாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டாலோ காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடும்.

பலன் உண்டா? 288 பேரிடம் நடந்த ஆய்வில், போலிச் சிகிச்சை (வெப்பம் கொடுக்காமல் மற்றதெல்லாம் அதேபோல் செய்வது) பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, கடுமையான தாக்குதல்கள் 32 சதவீதம் குறைவாக இருந்தன. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவது 84 சதவீதம் குறைவு. போலிச் சிகிச்சை பெற்றவர்களிலும் பலர் தேறியதாகச் சொன்னார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். என் மனைவிக்குப் போன வருடம் ஒரே ஒருமுறைதான் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டது. அதுவே எங்களுக்குப் பெரிய விஷயம்.

ஆனால் நோய் போய்விடவில்லை. இன்ஹேலர் இன்றைக்கும் இரண்டு வேளை. போகி அன்று விடியுமுன் எழுந்து ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைப்பதும் அப்படியேதான் தொடர்கிறது.