‘நார்மல்’ என்று மடித்து வைத்த கிட்னி ரிப்போர்ட்

ரிப்போர்ட் பார்க்கப் பழகுகிறவர்கள் முதலில் தேடுவது கிரியேட்டினின் எண்ணை. அது லேப் அச்சடித்த எல்லைக்குள் இருந்தால் தாளை மடித்துவிடுகிறார்கள். கிட்னி ரிப்போர்ட்டில் இப்படி நடக்கும் தவறுகள் ஒவ்வொன்றாகக் கீழே.

கிரியேட்டினினோடு நிறுத்திக்கொள்வது

கிரியேட்டினின் தசையில் உண்டாகும் கழிவு. சதைப்பிடிப்பான உடம்பில் அதிகம் ஊறும், மெலிந்த உடம்பில் குறைவு. தக்கலையில் ரப்பர் பால் வெட்டும் 25 வயதுப் பையனுக்கும் அவனுடைய 65 வயதுப் பாட்டிக்கும் 1.2 வருகிறது என்று வையுங்கள். பல லேப் தாள்களில் 1.2 எல்லைக்குள்தான். வயதையும் பாலினத்தையும் சேர்த்து 2021-ஆம் ஆண்டு சி.கே.டி.-எபி என்ற சூத்திரத்தில் போட்டால் பையனுக்கு இ.ஜி.எஃப்.ஆர். 86, பாட்டிக்கு 50. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு அது. 60-க்குக் கீழே மூன்று மாதம் நின்றாலே நாள்பட்ட சிறுநீரக நோய். 45 முதல் 59 வரை அந்த நோயின் 3ஏ நிலை.

அந்தப் பாட்டியிடம் “நார்மல்தான், பயப்படாண்டாம்” என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவர் நேரே மருந்துக்கடைக்குப் போய் மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார். அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கும். இவரைப் போன்றவர்களுக்குக் கிரியேட்டினின் எல்லையைத் தாண்டித் தாளில் தடித்த எழுத்தில் வரும்போது வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். கிரியேட்டினின், வயது, பாலினம் என்று மூன்றைத் தட்டினால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

யூரினை விட்டுவிடுவது

இ.ஜி.எஃப்.ஆர். 90 இருந்தாலும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் சிறுநீரில் கசியலாம். காலையின் முதல் சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். கிராமுக்கு 30 மில்லிகிராமும் அதற்கு மேலும் மூன்று மாதம் நீடித்தால் அதுவும் நோய்தான். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறையாவது தேவை.

ஒரே ரிப்போர்ட்டில் ‘நாள்பட்ட நோய்’ என்று பெயர் சூட்டுவது

வயிற்றுப்போக்கில் நீர் வற்றியவருக்கும் கிரியேட்டினின் எண் ஏறும். அது திடீர்ப் பாதிப்பு. உடனே கவனித்தால் பெரும்பாலும் இறங்கும்.

அலகைப் பார்க்காதது

வளைகுடாவிலிருந்து வரும் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 106 என்றிருந்தால் அலறாதீர்கள். அது லிட்டருக்கு மைக்ரோமோல் என்ற அலகு; நம் தாளில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். 88.4-ஆல் வகுத்தால் அதே 1.2.

‘ஃபெயிலியர்’

கிட்னி ஃபெயிலியர் என்று சொல்வது இ.ஜி.எஃப்.ஆர். 15-க்குக் கீழே போனால் மட்டும்.

‘இயற்கைதானே’

ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியவருக்கு, அது நிறைந்த இளநீரும் நேந்திரம்பழமும் இதயத் துடிப்பையே குலைக்கும். மீன் குழம்பில் போடும் நாலு புளிச்சக்காய் (பிலிம்பி) வேறு, கொழுப்பு குறையட்டும் என்று பச்சையாகப் பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடிக்கும் சாறு வேறு. அந்தச் சாற்றிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகக் குழாய்களில் படிகமாக அடைத்து, நல்ல கிட்னியையும் சில நாளில் டயாலிசிஸ் வரை கொண்டுபோயிருக்கிறது.