ட்ரூயிட் விருந்தில் கறி வைக்கலாமா?

பழங்கால கெல்டிய மக்களின் பூசாரிகளான ட்ரூயிட்களின் பெயரில் இன்று சிலர் பின்பற்றும் இயற்கை வழிபாடுதான் ட்ரூயிட் வழி. அதற்குப் புதிதாக வருபவர் அநேகமாக முதலில் கேட்பது, கறியை விட்டுவிட வேண்டுமா என்பதுதான். வேண்டியதில்லை. 1964இல் இங்கிலாந்தில் பார்ட், ஓவேட், ட்ரூயிட் சங்கத்தைத் தொடங்கிய ராஸ் நிக்கல்ஸ் சைவ உணவுக்காரர், ஆனாலும் அந்தச் சங்கத்தில் சாப்பாட்டுக்கென்று விதி எதுவும் கிடையாது. பழைய ட்ரூயிட்களைச் சாட்சிக்கு இழுப்பதும் வீண்வேலை. அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை; புல்லுருவி அறுத்துவிட்டு இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலியிட்டார்கள் என்று சொல்வதே பிளினி என்ற ரோமானியர்தான்.

அதனால் முடிவு உங்களுடையது. தட்டில் இருப்பது எந்தப் பண்ணையில், எப்படி வளர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் சொல்ல முடியாத கறியை முதலில் குறையுங்கள். நம்மூர் தீட்டுக் கணக்கை மட்டும் தயவுசெய்து இதற்குள் கொண்டுவர வேண்டாம்.

பண்டிகையைப் பார்த்தும் சமைக்கலாம். அக்டோபர் கடைசியில் வரும் ‘சாவின்’ (Samhain) பண்டிகை, குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியாத மாடுகளை அறுத்த காலம், அன்றைக்குக் கறி பொருந்தும். ஆகஸ்ட் முதல் தேதி வரும் லூனசா பண்டிகை அறுவடைக்கானது, நல்ல ரொட்டியே போதும்.

எல்லாரும் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் விருந்து என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலும் என்னென்ன போட்டது என்று சீட்டு எழுதி வையுங்கள், ஏனென்றால் பார்க்கச் சைவமாக இருக்கும் ‘பை’ (pie) பலகாரத்தின் மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், வூஸ்டர் சாஸில் நெத்திலி இருக்கும், சில சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் இருக்கும். கரண்டிகள் தனித்தனி. சடங்கில் சுற்றிவரும் ரொட்டியைப் பால், வெண்ணெய், முட்டை இல்லாமல் சுட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை. தேன்மதுவை வீகன்கள் (விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர்கள்) தொடமாட்டார்கள், குடிக்காதவர்களும் இருப்பார்கள், ஆப்பிள் சாறு ஒரு கோப்பை தனியாக இருக்கட்டும்.

அப்புறம் படையல். 1983இல் ஐசக் போன்விட்ஸ் அமெரிக்காவில் தொடங்கிய ஏடிஎஃப் (ADF) என்ற ட்ரூயிட் அமைப்பில் இரத்தப்பலிக்கு இடமே இல்லை. ஓட்ஸ், ஏல் பீர் மாதிரி எதையாவது படைத்தால் சரி. மரத்தடியில் சமைத்த கறியையோ உலர்திராட்சை போட்ட கேக்கையோ விட்டுவிட்டு வராதீர்கள், உலர்திராட்சை நாய்க்கு விஷம்.