டொமைன் முழுக்க ஒரே நேரம்: பிடிசி எமுலேட்டரில் என்டிபி அமைப்பது எப்படி?

டொமைனில், அதாவது லாகினை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அலுவலகக் கணினிக் குழுவில், சேர்ந்திருந்த ஒரு லினக்ஸ் சர்வரில் திடீரென்று யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தேன், டிஎன்எஸ்ஸைச் சோதித்தேன், எதிலும் குறை இல்லை. கடைசியில் டொமைனிடம் லாகின் டிக்கெட் கேட்கும் கினிட் கட்டளையைக் கையால் ஓட்டியபோதுதான் உண்மையான பிழைச்செய்தி கண்ணில் பட்டது: "கிளாக் ஸ்க்யூ டூ கிரேட்", அதாவது கடிகார வித்தியாசம் மிக அதிகம்.

உடனே அந்த சர்வரின் கடிகாரத்தைப் பார்த்தேன். கைப்பேசியில் இருந்த நேரத்தோடு நொடி பிசகாமல் பொருந்தியது. பிறகு லாகின்களைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரைத் திறந்து பார்த்தால், அது 7 நிமிடம் பின்தங்கி நின்றது. அதைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்ளும் விண்டோஸ் சர்வர்கள் அத்தனையும் அதே 7 நிமிடம் பின்தங்கியிருந்தன. எல்லாம் ஒரே அளவில் தவறாக இருந்ததால் அவற்றுக்குள் எந்தச் சிக்கலும் எழவில்லை. சரியான நேரம் வைத்திருந்த ஒரே சர்வர்தான் வெளியே நிறுத்தப்பட்டிருந்தது.

டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் முறையான கெர்பரோஸ் இப்படித்தான் வேலை செய்யும். ஒருவர் அனுப்பிய டிக்கெட்டைத் திருடி வேறொருவர் பிறகு பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக அது நேரத்தை ஒப்பிடுகிறது. இரு பக்கக் கடிகாரங்களுக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அனுமதி கிடையாது. அதுதான் இயல்பான வரம்பு. இந்த வரம்பைக் கூட்டிப் பிரச்சினையை மூடி மறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்.

விண்டோஸ் டொமைனை நடத்தும் அமைப்பான ஆக்டிவ் டைரக்டரியில் நேரம் மேலிருந்து கீழே இறங்குகிறது. உறுப்பினர் கணினிகள் டொமைன் கன்ட்ரோலரிடம் கேட்கும். டொமைன் கன்ட்ரோலர்கள் தங்களுள் பிடிசி எமுலேட்டர் என்ற தனிப் பொறுப்பில் இருப்பதிடம் கேட்கும். பல டொமைன்கள் இருந்தால், எல்லாவற்றுக்கும் உச்சியில் மூல டொமைனின் பிடிசி எமுலேட்டர் நிற்கும். ஆகவே நெட்வொர்க் வழியாக நேரம் வாங்கும் முறையான என்டிபி மூலம் வெளியிலிருந்து நேரம் எடுக்கும்படி நாம் அமைக்க வேண்டியது அந்த ஒரே ஒரு சர்வரை. மற்றவற்றைத் தொடவே வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பவர்ஷெல் வேண்டாம், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட் போதும். பவர்ஷெல்லில் காற்புள்ளிக்கு வேறு பொருள் உண்டு, அது இந்த வேலையில் தேவையில்லாத குழப்பம்.

1. பிடிசி எமுலேட்டர் எது என்று பாருங்கள்

நெட்டாம் குவெரி எஃப்எஸ்எம்ஓ

வரும் பட்டியலில் பிடிசி என்ற வரியைப் பாருங்கள். முதலில் நிறுவிய சர்வர்தான் என்று ஊகிக்காதீர்கள். யாராவது எப்போதாவது பொறுப்பை மாற்றி வைத்திருக்கலாம்.

2. வழி திறந்திருக்கிறதா என்று சோதியுங்கள்

டபிள்யூ32டிஎம் /ஸ்ட்ரிப்சார்ட் /கம்ப்யூட்டர்:0.பூல்.என்டிபி.ஆர்க் /சாம்பிள்ஸ்:5 /டேட்டாஒன்லி

பூல்.என்டிபி.ஆர்க் என்பது இணையத்தில் உள்ள பொது நேர சர்வர்களின் தொகுப்பு. ஐந்து வரிகளில் ஐந்து வித்தியாசங்கள் நொடிக்கணக்கில் வர வேண்டும். எனக்கு அன்று ஐந்திலும் "+420" என்று தொடங்கும் எண்தான் வந்தது. 0எக்ஸ்800705பி4 என்ற பிழை வந்தால் பதில் வரவில்லை என்று பொருள். ஃபயர்வாலில் யுடிபி 123 மூடியிருக்கும், திறக்கச் சொல்லுங்கள். டிசிபி இல்லை, யுடிபி. பலர் டிசிபி 123-ஐத் திறந்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

3. வெளி மூலத்தைக் கொடுங்கள்

டபிள்யூ32டிஎம் /கான்ஃபிக் /மேனுவல்பியர்லிஸ்ட்:"0.பூல்.என்டிபி.ஆர்க்,0எக்ஸ்8 1.பூல்.என்டிபி.ஆர்க்,0எக்ஸ்8 2.பூல்.என்டிபி.ஆர்க்,0எக்ஸ்8 3.பூல்.என்டிபி.ஆர்க்,0எக்ஸ்8" /சிங்க்ஃப்ரம்ஃப்ளாக்ஸ்:மேனுவல் /ரிலையபிள்:யெஸ் /அப்டேட்

முகவரிக்கும் முகவரிக்கும் இடையே இடைவெளி மட்டும்தான் வர வேண்டும். காற்புள்ளி முகவரிக்கும் அதன் பின்னே வரும் 0எக்ஸ்8-க்கும் நடுவில் மட்டும். முழுப் பட்டியலும் மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். 0எக்ஸ்8 என்பது "நான் கேட்பவன் மட்டுமே" என்று எதிர் சர்வரிடம் சொல்வது.

ஏன் நான்கு? இரண்டு மட்டும் இருந்து இரண்டும் வேறு நேரம் சொன்னால் எது பொய் என்று கண்டுபிடிக்க வழியில்லை. நான்கு இருந்தால் ஒன்று தடம் மாறினாலும் மற்ற மூன்றும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று: கூகுளின் நேர சர்வர்களை இந்தப் பட்டியலோடு கலக்காதீர்கள். உலக நேரத்தில் ஒரு நொடி கூட்டப்படும் லீப் செகண்ட் வரும்போது கூகுள் அந்த ஒரு நொடியைப் பல மணி நேரத்துக்குப் பரப்பிக் கொடுக்கும், மற்றவை அப்படிச் செய்யாது. ஒன்று முழுக்க அது, இல்லையென்றால் முழுக்க இது.

4. சேவையை நிறுத்தித் தொடங்குங்கள்

நெட் ஸ்டாப் டபிள்யூ32டைம்
நெட் ஸ்டார்ட் டபிள்யூ32டைம்
டபிள்யூ32டிஎம் /ரீசிங்க் /ரீடிஸ்கவர்

இதை அலுவலக நேரத்துக்குப் பிறகு செய்யுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் கடிகாரம் மெதுவாக நகராமல் ஒரே தாவாகத் தாவும். பின்தங்கிய கடிகாரம் முன்னே தாவுவது ஓரளவு பரவாயில்லை. முந்திப்போன கடிகாரம் பின்னே தாவினால் லாக் பதிவுகளில் ஒரே நேரம் இரண்டு முறை வரும், சில டேட்டாபேஸ்கள் குழம்பிப்போகும்.

5. மூலம் எது என்று கேளுங்கள்: நான் மாட்டிக்கொண்ட இடம்

டபிள்யூ32டிஎம் /குவெரி /சோர்ஸ்

பூல் முகவரிகளில் ஒன்று வர வேண்டும். எனக்கு முதலில் அப்படித்தான் வந்தது, நேரமும் சரியானது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் கழித்து அப்டேட்டுக்காக சர்வர் ரீஸ்டார்ட் ஆனது. மறுபடி அதே பிழை. மூலத்தைக் கேட்டால் "விஎம் ஐசி டைம் சிங்க்ரனைசேஷன் ப்ரொவைடர்" என்றது.

எங்கள் டொமைன் கன்ட்ரோலர் ஹைப்பர்-வி ஹோஸ்ட் (விர்ச்சுவல் மெஷின்களைத் தாங்கும் நிஜக் கணினி) ஒன்றில் ஓடும் விர்ச்சுவல் மெஷின். விர்ச்சுவல் மெஷின் தன் ஹோஸ்டிடம் நேரம் கேட்கிறது. அந்த ஹோஸ்ட்டோ இதே டொமைனின் உறுப்பினர், எனவே அது டொமைன் கன்ட்ரோலரிடம் நேரம் கேட்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நேரம் வைத்துக்கொண்டிருந்தால், ஹோஸ்டின் வன்பொருள் கடிகாரம் தினமும் இழக்கும் சில நொடிகளைத் திருத்த ஆளே இல்லை. அந்தச் சில நொடிகள்தான் மாதக்கணக்கில் சேர்ந்து 7 நிமிடம் ஆகியிருக்கின்றன.

இதை வெட்ட, டொமைன் கன்ட்ரோலர்கள் ஒவ்வொன்றிலும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து இந்த இடத்துக்குப் போங்கள்:

எச்கேஎல்எம் \ சிஸ்டம் \ கரன்ட்கன்ட்ரோல்செட் \ சர்வீசஸ் \ டபிள்யூ32டைம் \ டைம்ப்ரொவைடர்ஸ் \ விஎம்ஐசிடைம்ப்ரொவைடர்

அங்கே எனேபிள்ட் என்ற மதிப்பை 0 ஆக்குங்கள். பிறகு 4-ஆம் படியை மறுபடி செய்யுங்கள். ஹைப்பர்-வி அமைப்பில் நேர ஒத்திசைவுக்கான டிக்கையே எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம், ஆனால் நான் எடுப்பதில்லை. சேமித்து நிறுத்திய விர்ச்சுவல் மெஷின் மீண்டும் எழும்போது ஒரு முறை ஹோஸ்டிடம் நேரம் வாங்கிக்கொள்ள அந்த டிக் உதவுகிறது. அதன் பிறகு தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதை மட்டும் ரெஜிஸ்ட்ரி தடுக்கிறது.

சரி, அப்புறம் கட்டாயம் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மூலத்தை மறுபடி கேளுங்கள். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் பூல் முகவரி வந்தால்தான் வேலை முடிந்தது.

6. மற்ற சர்வர்கள்

இயல்பாக விட்டால் அவையே சரியாகிவிடும். முன்பு யாராவது தனித்தனியாக என்டிபி முகவரி எழுதி வைத்திருந்தால் மட்டும் அந்த சர்வரில் இதை ஓட்டுங்கள்:

டபிள்யூ32டிஎம் /கான்ஃபிக் /சிங்க்ஃப்ரம்ஃப்ளாக்ஸ்:டாம்ஹையர் /அப்டேட்

கடைசியாக டபிள்யூ32டிஎம் /மானிட்டர் என்று கொடுத்தால் எல்லா டொமைன் கன்ட்ரோலர்களின் வித்தியாசமும் ஒரே இடத்தில் வரும்.

லினக்ஸ் சர்வர்களில் நேரத்தை ஒத்திசைக்க என் தேர்வு க்ரோனி என்ற நிரல். சிஸ்டம்டி-டைம்சிங்க்டி எளிமையானது, ஆனால் பல மூலங்களை ஒப்பிட்டுத் தவறானதை ஒதுக்கும் வேலையை அது செய்யாது. க்ரோனி.கான்ஃப் கோப்பில் பூல் வரிகளை நீக்கிவிட்டு, டொமைன் கன்ட்ரோலர்களை, தொடக்கத்தில் வேகமாகக் கேட்க வைக்கும் ஐபர்ஸ்ட் என்ற சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். லினக்ஸும் விண்டோஸும் ஒரே மூலத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே பிளவு வராது.

பின்சேர்க்கை 1: க்ரோனிசி சோர்சஸ் என்று கேட்டால் டொமைன் கன்ட்ரோலரின் முன்னால் கேள்விக்குறி வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருவரிடமும் டொமைன் கன்ட்ரோலரில் மூலத்தைப் பார்க்கச் சொன்னேன். இரண்டிலும் "லோக்கல் சிமாஸ் கிளாக்" என்று இருந்தது. அதாவது அந்த டொமைன் கன்ட்ரோலரே வெளியில் யாரிடமும் கேட்கவில்லை. அந்த நிலையில் அது தன் நேரத்தின் பிழை அளவைப் பெரிதாகச் சொல்லும், க்ரோனி அதை நம்ப மறுக்கும். முதலில் 3-ஆம் படியை முடியுங்கள், கேள்விக்குறி போய்விடும்.

பின்சேர்க்கை 2: மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, சர்வரின் தேதி பல வருடம் பின்னே போய்விட்டது, ரீசிங்க் கொடுத்தும் அசையவில்லை என்று ஒருவர் கேட்டார். டொமைன் கன்ட்ரோலர்கள் இயல்பாக 1,72,800 நொடிகளுக்கு, அதாவது 48 மணி நேரத்துக்கு மேற்பட்ட திருத்தத்தை ஏற்காது. அது நல்ல பாதுகாப்பு, மாற்றாதீர்கள். தேதியையும் நேரத்தையும் கையால் ஏறக்குறைய சரியாக வைத்துவிட்டு ரீசிங்க் கொடுங்கள்.

பின்சேர்க்கை 3: பிடிசி எமுலேட்டர் பொறுப்பை வேறு சர்வருக்கு மாற்றினால் மேலே செய்த அமைப்பு அதோடு போகாது. பழைய சர்வரில் 6-ஆம் படியின் கட்டளையை /ரிலையபிள்:நோ சேர்த்து ஓட்டுங்கள், புதியதில் 2-லிருந்து 5 வரை செய்யுங்கள். அடிக்கடி மாற்றுபவர்கள் இந்த அமைப்பை குரூப் பாலிசியாக (டொமைன் கணினிகளுக்கு மையத்திலிருந்து தரும் அமைப்பாக) எழுதி, அது எந்த சர்வருக்குப் பொருந்தும் என்று வடிகட்ட டொமைன்ரோல் = 5 என்ற டபிள்யூஎம்ஐ ஃபில்டர் போட்டுவிடலாம். 5 என்ற எண் பிடிசி எமுலேட்டருக்கு மட்டுமே பொருந்தும், ஆகவே பொறுப்பு எங்கே போனாலும் பாலிசி அதைத் தேடிப் போகும்.