வருகைக்காலத்துல இருந்து கிறிஸ்மஸ் ராத்திரி வரை: பேராலய வழிபாட்டுக் குழுவுக்கு புதுசா வந்தவங்களுக்கு

இந்த வருஷம் வழிபாட்டுக் குழுவுல சேந்த பிள்ளைங்க நாலஞ்சு பேர் வந்து, எக்கா டிசம்பர் மாசம் என்னென்ன செய்யணும்னு ஒண்ணு எழுதித் தாங்கன்னு கேட்டாவ, அதான் உக்காந்து எழுதுறேன். குமரி மாவட்டத்துல லத்தீன் முறைக்கு கோட்டாறு, குழித்துறைன்னு ரெண்டு மறைமாவட்டம், ரெண்டு பேராலயம். சின்ன பங்குல இருந்து பேராலயப் பங்குக்கு வாறவங்களுக்கு முதல் வருஷம் கொஞ்சம் திகைப்பாத்தான் இருக்கும், எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. முதல்ல ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க: வருகைக்காலம், அதான் கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் சேந்த நாள்கள், காத்திருக்குற காலம். கிறிஸ்மஸ டிசம்பர் 10க்கே கொண்டாடித் தீத்துட்டா 24 ராத்திரி கோயிலுக்குள்ள புதுசா ஒண்ணுமே மிச்சம் இருக்காது. கீழ நான் சொல்லப்போற எல்லாம் இதுக்காகத்தான்.

முதல்ல தேதி. வருகைக்கால முதல் ஞாயிறு நவம்பர் 27ல இருந்து டிசம்பர் 3க்குள்ள எப்ப வேணும்னாலும் வரும், நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாளுக்கு பக்கத்துல உள்ள ஞாயிறுன்னு ஞாபகம் வச்சா போதும். இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல் உண்டு, கோட்டாறு சவேரியார் திருவிழா பத்து நாள் நடந்து டிசம்பர் 3ல முடியும், மாவட்டத்துக்கே அன்னைக்கு உள்ளூர் விடுமுறை, எல்லாரும் தேர் பாக்க போயிருப்பாவ, 2023ல முதல் ஞாயிறே டிசம்பர் 3ல வந்துச்சு. அதனால திருவிழா முடியட்டும் பாப்போம்னு இருந்தா முதல் ஞாயிறு கைய விட்டுப் போயிரும், கூட்டத்த அக்டோபர் கடைசியிலேயே போட்டுருங்க. வழிபாட்டு ஆண்டும் இந்த ஞாயிறுலதான் புதுசா தொடங்குது, வாசகப் புத்தகம் முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆண்டுன்னு மாறும். வரப்போற வருஷத்த 3ஆல வகுத்து மீதி வராட்டி மூன்றாம் ஆண்டு, மீதி 1 வந்தா முதலாம் ஆண்டு, 2 வந்தா இரண்டாம் ஆண்டு. 2026 நவம்பர் 29 அன்னைக்கு தொடங்குறது 2027க்கு உள்ளதாக்கும், அப்ப இரண்டாம் ஆண்டு. சனிக்கிழமை சாயங்காலமே போய் ரிப்பன மாத்தி வைங்க, பழைய வருஷப் பக்கத்துலயே ரிப்பன் கிடந்து வாசிக்க வந்த பிள்ளை மைக்குக்கு முன்னால பக்கம் பக்கமா தள்ளிட்டு நிக்குறத நான் பாத்திருக்கேன், பாவம் அந்த பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல.

இந்த நாலு வாரமும் ஒரே மாதிரி இல்ல. டிசம்பர் 16 வரைக்கும் வாசகங்கள் ஆண்டவர் மறுபடியும் வரப்போறதப் பத்தித்தான் அதிகம் பேசும், விழிப்பா இருங்கன்னு வரும், ரெண்டாவது மூணாவது ஞாயிறு திருமுழுக்கு யோவான். 17ல இருந்து 24 வரைதான் பிறப்புக்கு நேரடியான தயாரிப்பு. பாட்டு தேர்வு செய்யும்போது இத பாருங்க, முதல் ஞாயிறே தொழுவம், மாட்டுக்கொட்டில்னு பாட்டு போட்டா சாமியார் பிரசங்கம் ஒரு பக்கம் போகும் பாட்டு ஒரு பக்கம் போகும். 17ல இருந்து 23 வரை மாலை செபத்துல வாற ஏழு "ஓ" முன்மொழிகள, அதான் "ஓ"ன்னு கூப்பிட்டு தொடங்குற சின்ன வேண்டல் வரிகள, பங்குல சொல்லிக் குடுங்க, ஓ ஞானமே, ஓ ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, கடைசியா இம்மானுவேலே. நாங்க ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு அன்பியங்களுக்கு (பங்குல பக்கத்து பக்கத்து வீடுகள் சேந்த குழுக்கள்) பிரிச்சுக் குடுத்தோம், வீட்டுல ராத்திரி செபத்துல அத சொல்லி ஒரு விளக்கு ஏத்துறது, அவ்வளவுதான், ஆனா ரொம்ப கொள்ளாம், கிழவிமாரு எல்லாம் அடுத்த வருஷம் அவியளே கேட்டு வாங்கிட்டு போனாவ.

பூசையில "உன்னதங்களிலே"ன்னு தொடங்குற புகழ்ச்சிப் பாட்டு இந்த ஞாயிறுகள்ல கிடையாது, அல்லேலூயா உண்டு. தவக்காலம் மாதிரி நினைச்சு அல்லேலூயாவ விட்டுராதீங்க, நிறைய பேருக்கு இந்த குழப்பம் இருக்கு. உடுப்பு ஊதா, மூணாவது ஞாயிறு மட்டும் ரோஸ் போடலாம், அது மகிழ்ச்சி ஞாயிறு. பீடத்துல பூ வைக்கலாம், ஆனா கொஞ்சமா. திருப்பலி நூலோட பொது விதிமுறையிலேயே இது இருக்கு, பூவும் இசைக்கருவியும் அளவா இருக்கணும், பிறப்பு விழா மகிழ்ச்சிய முன்கூட்டியே காட்டக்கூடாதுன்னு. தோவாளை பூச்சந்தை பக்கத்துல இருக்குன்னு கூடை கூடையா கொண்டு வந்து இறக்க வேண்டாம், அந்த பைசாவ 24க்கு வைங்க. கீபோர்டு தம்பிமாருட்டயும் சொல்லுங்க, பாட்டுக்கு துணையா மட்டும் வாசிச்சா போதும், நடுவுல உள்ள தனி வாசிப்பெல்லாம் கிறிஸ்மஸுக்கு.

வருகைக்கால வளையத்துக்கு, அதான் ஞாயிறுக்கு ஒண்ணா நாலு திரி ஏத்துற இலை வளையத்துக்கு, வெளிநாட்டு பிளாஸ்டிக் இலை வாங்காதீங்க. கடலோரத்துல இருந்து சவுக்குக் கொப்பு ரெண்டு கட்டு கொண்டு வந்தா போதும், மூணு நாள்ல காஞ்சு உதிரும், அதனால வாராவாரம் சனிக்கிழமை மாத்தணும், அந்த வேலைய ஒரு அன்பியத்துக்கு எழுதிக் குடுத்துருங்க. மெழுகுதிரி மூணு ஊதா ஒரு ரோஸ். ரோஸ் திரி கடைசி நேரத்துல கிடைக்காது, நாகர்கோவில்லயோ மார்த்தாண்டத்துலயோ முன்னாடியே சொல்லி வைங்க. பெரிய பிரச்சனை ஃபேன் காத்து. பேராலயம் பெருசு, ஃபேனும் நிறைய, பத்தாததுக்கு மழைக்காலம், பக்கவாட்டு கதவு வழியா காத்து அடிக்கும், குடும்பமா வந்து ஏத்திட்டு திரும்புறதுக்குள்ள திரி அணைஞ்சுரும், அந்த குழந்தைங்க முகம் வாடிப் போறத பாக்க முடியாது. சிம்னி கண்ணாடி நாலு வாங்கி வச்சா தீந்துச்சு. ஏத்த கூப்பிடும்போது எப்பவும் பங்குப்பேரவை ஆளுங்க குடும்பத்தையே கூப்பிடாண்டாம், ஒரு வாரம் புதுசா கல்யாணம் ஆனவங்க, ஒரு வாரம் வளைகுடாவுல வீட்டுக்காரர் வேலைக்கு நிக்குற ஒரு அம்மாவும் பிள்ளைங்களும், ஒரு வாரம் தனியா இருக்குற ஒரு தாத்தான்னு கூப்பிடுங்க.

குடில் வேலைய பசங்க நல்லாவே செய்வாவ, நான் ரெண்டு விஷயம் மட்டும் சொல்லுறேன். 1223ல கிரேச்சோங்குற ஊர்ல அசிசி பிரான்சிஸ் முதமுதல்ல வச்சது வைக்கோலும் மாடும் கழுதையும்தான், அந்த எளிமை தெரியணும், எல்.இ.டி. நீர்வீழ்ச்சிக்கு நடுவுல மாதாவையும் சூசையப்பரையும் தேட வைக்காதீங்க. பச்சைக்கு டிசம்பர் 14, 15 வாக்குல தட்டுல நெல்லு விதைச்சு வைங்க, 24க்கு சரியான உயரத்துக்கு முளைச்சு நிக்கும், மறைக்கல்வி பிள்ளைங்ககிட்ட ஆளுக்கொரு தட்டு குடுத்தா தினமும் தண்ணி ஊத்திட்டு எத்தனை நாள் இருக்குன்னு அதுங்களே எண்ணும். இன்னொண்ணு, குடில் எப்ப முடிஞ்சாலும் முன்னிட்டி, அதான் பாலன கிடத்துற தீவனத் தொட்டி, காலியாத்தான் இருக்கணும், பாலன் இயேசு சுரூபத்த 24 ராத்திரிக்கு முன்னால யாரும் வைக்கக்கூடாது.

கேரல் ரவுண்டுக்கு அன்பியம் வாரியா தேதி போட்டு ஞாயிறு அறிவிப்புல வாசிச்சிருங்க, ராத்திரி பத்துக்குள்ள முடிங்க. முக்கியமா, அந்த வருஷம் சாவு நடந்த வீடுகள்ல ஸ்டார் கட்டமாட்டாவ, பசங்க வாசல்ல ஸ்டார் இல்லன்னு நேரா அடுத்த வீட்டுக்கு போயிருவாங்க. அப்பிடி போகாதீங்க. மூணு வருஷம் முன்ன ஒரு வீட்டு முன்னால மேளத்த நிறுத்திட்டு தாண்டிப் போயிட்டு இருந்தோம், உள்ள இருந்து ஒரு பாட்டி கதவ தொறந்து, "மேளம் வேண்டாம் மக்கா, உள்ள வந்து ஒரு பாட்டு படிச்சிட்டு போங்க"ன்னு சொன்னாவ. மகன் போட்டோவுக்கு முன்னால நின்னு மெதுவா ஒரு பாட்டு படிச்சோம், அந்த பாட்டி பாட்டு முடியுற வரை கட்டில் கம்பிய பிடிச்சுகிட்டே நின்னாவ. அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் துக்க வீடுகள தனியா ஒரு தாள்ல எழுதி வச்சு, முதல்லயே போய் கேட்டுட்டு, மேளமும் கிறிஸ்மஸ் தாத்தா வேஷமும் இல்லாம நாலு பேரா உள்ள போறோம்.

பாவசங்கீர்த்தனத்துக்கு பேராலயத்துல கூட்டம் ஜாஸ்தி, பக்கத்து பங்கு ஆளுங்களும் வருவாவ, கடைசி வாரம் ரெண்டு நாளாவது நாலஞ்சு சாமியார்கள வரச் சொல்லி பங்குத்தந்தைகிட்ட பேசுங்க. படுக்கையில உள்ளவங்களுக்கு 24க்கு முன்னாடியே நற்கருணை போய்ச் சேரணும், அந்த லிஸ்ட அன்பியத் தலைவிமாருட்ட இருந்து 15க்குள்ள வாங்கிருங்க. நம்ம ஊர்ல சீரோ மலங்கரை, சீரோ மலபார்னு வேற வழிபாட்டு முறையில உள்ள கத்தோலிக்க சொந்தக்காரங்க இல்லாத வீடு கம்மி, அவிய டிசம்பர் 1ல இருந்து 25 நோம்பு பிடிப்பாவ, இறைச்சி மீன் தொடமாட்டாவ. நம்ம முறையில அது கட்டாயம் இல்ல, ஆனாலும் பங்குல கேரல் முடிச்சு சாப்பாடு போடும்போது அவியளுக்கும் சேத்து சைவமா ஒண்ணு வைங்க. மலங்கரைக் கோயில்ல பிறப்பு ராத்திரி தீ வளத்து சுத்தி வந்து அதுல குந்துருக்கம் போடுவாவ, ஒரு தடவையாவது போய்ப் பாருங்க.

இனி 24 ராத்திரி. பேராலயம்னாலே ஆயரோட இருக்கை உள்ள கோயில், அந்த ராத்திரி ஆயர்தான் பூசை வைப்பாரு, அதனால ஒரு வாரம் முன்னாடியே ஆயர் இல்லத்துல பேசி எத்தனை மணிக்கு, எந்த வாசல் வழியா பவனின்னு முடிவு பண்ணுங்க. பீடச் சிறுவர்கள்ல தலைப்பாகைக்கு ஒருத்தன், செங்கோலுக்கு ஒருத்தன் தனியா வேணும். நற்செய்தி வாசிக்கும்போது ஆயர் தலைப்பாகைய கழட்டிட்டு செங்கோல கையில பிடிப்பாரு, அந்த ரெண்டு பயலுவளும் இத தெரிஞ்சு நேரத்துக்கு பக்கத்துல நிக்கணும், ரெண்டு தடவை ஒத்திகை பாத்தா சரியாயிரும். தூபக்கலசக்காரன் கரிய அரை மணிக்கூர் முன்னால பத்த வைக்கட்டும்.

பூசைக்கு முன்னால கிறிஸ்து பிறப்பு அறிவிப்பு பாடணும், உலகம் படைக்கப்பட்டதுல தொடங்கி, ரோமை நகர் உருவாகி 752ஆம் ஆண்டு, அகுஸ்து ஆட்சியோட 42ஆம் ஆண்டுன்னு வந்து பெத்லகேம்ல முடியும். அப்ப கோயில் லைட்ட எல்லாம் அணைச்சு, பாடுறவர்கிட்ட மட்டும் ஒரு வெளிச்சம் இருந்தா அவ்வளவு பெரிய கூட்டமும் அடங்கிரும். நாலு ஞாயிறா பாடாத உன்னதங்களிலே அப்புறம் வரும்போது மணி, லைட்டு, எல்லாம் ஒரே நேரத்துல. வெளிய வெடி போடுற பசங்கள மட்டும் நிறுத்தி வைங்க, அந்த பாட்டு கேக்கணும்.

பாலன் சுரூபம் எங்க இருக்குன்னு 23ஆம் தேதியே கண்ணால பாத்துருங்க. ஒரு வருஷம் உன்னதங்களிலே தொடங்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போதுதான் அது இடத்துல இல்லன்னு தெரிஞ்சுது, பெயிண்ட் அடிக்க எடுத்துட்டு போனவங்க வேற அலமாரியில வச்சிருக்காவ. இருட்டுல செல்போன் வெளிச்சத்துல நானும் கோயில் வேலைய பாத்துக்குற கோயில்பிள்ளையும் ஒவ்வொரு அலமாரியா தொறந்தோம், கை நடுங்கிட்டு, கடைசியில பழைய திரைச்சீலைக்கு அடியில கிடைச்சுது. அன்னைக்கு அழுதே போட்டேன்.

நம்பிக்கை அறிக்கையில "தூய ஆவியால் கன்னி மரியாவிடம் உடல் எடுத்து" வாற இடத்துல எல்லாரும் முழங்காலிடணும், வருஷத்துல கிறிஸ்மஸ் பூசைகள்லயும் மார்ச் 25லயும் மட்டும்தான் இப்பிடி. பூசை தொடங்கும் முன்ன மைக்ல சொல்லுங்க, சொல்லாட்டி பாதி பேர் நிப்பாவ.

கிறிஸ்மஸுக்கு நாலு வகை பூசை உண்டு, திருவிழிப்பு, இரவு, விடியல், பகல்னு, வாசகம் நாலுக்கும் வேற வேற. ராத்திரி லூக்கா 2:1-14, விடியல்ல இடையர்கள் வந்து பாக்குறது, பகல்ல யோவான் 1:1-18. சாயங்காலத் திருவிழிப்புல மத்தேயு 1 தலைமுறைப் பட்டியல் முழுசா வரும், செயல்தியேல், செருபாபேல், எக்கோனியான்னு, அத வாசிக்கிற சாமியாருக்கு பெரிய எழுத்துல ஒரு தாள் எடுத்து வைங்க. 2023 மாதிரி 24 ஞாயிறா வந்தா காலையில ஊதா, நாலாவது ஞாயிறு, சாயங்காலம் வெள்ளை, நடுவுல உள்ள நாலஞ்சு மணிக்கூர்ல அலங்காரம் முழுக்க மாத்தணும். 2028லயும் அப்பிடித்தான் வருது, ஆள்பலம் இப்பவே சேத்து வைங்க.

26ஆம் தேதி புனித ஸ்தேவான், நம்ம கரையில அது 2004 சுனாமி நாளும். கிறிஸ்மஸ் ஸ்டார் எரிஞ்சுட்டு இருந்த வீடுகள்ல இருந்துதான் அன்னைக்கு ஆள்கள கொண்டு போனோம், குளச்சல் பக்கம் உள்ளவங்களுக்கு கிறிஸ்மஸும் அந்த நாளும் பிரிக்க முடியாது. 2017 நவம்பர் 30ல ஒக்கி புயல் வந்தது முதல் ஞாயிறுக்கு மூணு நாள் முன்ன. அதனால வருகைக்கால மன்றாட்டுல கடலுக்கு போனவங்களுக்கு ஒண்ணு கண்டிப்பா எழுதுங்க, பொதுவா "எல்லா மக்களுக்காகவும்"னு போட்டு முடிச்சிராதீங்க.

25ஓட குடில கழட்டாதீங்க, கிறிஸ்மஸ் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை உண்டு. திருக்காட்சி ஞாயிறுக்கு மூணு ஞானிகள கொஞ்சம் கொஞ்சமா நகத்தி முன்னிட்டி பக்கத்துல கொண்டு வரலாம், பிள்ளைங்களுக்கு அது ரொம்ப பிடிக்கும். எல்லாம் முடிஞ்சு ஒதுக்கும்போது பாலன் சுரூபத்த மட்டும் வேற பெட்டியில போடாண்டாம். நாங்க வெள்ளைத் துவர்த்துல சுத்தி, சக்ரீஸ்டில (பூசை சாமானெல்லாம் வைக்குற அறை) மேல் தட்டுல வலது பக்கம் வச்சு, தாள்ல தேதியும் வச்சவங்க பேரும் எழுதி ஒட்டி, அதையே போட்டோ எடுத்து கோயில்பிள்ளைக்கும் பங்குத்தந்தைக்கும் அனுப்பிருவோம்.