பங்கு விலை எந்தப் பக்கம் போகும் என்று கணிப்பது எப்படி?

கொழும்புச் சந்தையில் முதலில் வட்டியைப் பாருங்கள். அரசு குறுகிய காலக் கடன் வாங்கும் புதன்கிழமைத் திறைசேரி உண்டியல் ஏலத்தில் வட்டி ஏறினால் பணம் பங்கை விட்டு அங்கே ஓடும், 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் அடிப்படை வட்டியான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது நினைவிருக்கும்.

அப்புறம் காலாண்டு அறிக்கை. கடைசி 4 காலாண்டுகளின் பங்கொன்றுக்கான உழைப்பை, அதாவது ஒரு பங்குக்கு வரும் இலாபத்தைக் கூட்டி, விலையை அதால் வகுங்கள்: விலை 120 ரூபாய், உழைப்பு 15 என்றால் விகிதம் 8. அதே துறைக் கம்பனிகள் 12இல் நின்றால் இது ஏன் மலிவு என்று அறிக்கையின் குறிப்புகளைத் தோண்டுங்கள், காணி விற்று ஒருமுறை வந்த இலாபமாகவும் இருக்கலாம்.

வரைபடமா? விலையின் 50 நாள் சராசரி 200 நாள் சராசரியைத் தாண்டி மேலே போனால் ஏற்றம் என்பார்கள். சரி, ஆனால் நாளுக்குச் சில நூறு பங்குகளே கைமாறும் கம்பனியில் ஒருவர் வாங்கினாலே கோடு துள்ளும், அங்கே இதை நம்பவே வேண்டாம்.