மலேரியா உள்ள இடத்துக்குப் பயணமா? மாத்திரையை எப்போது தொடங்கி, எப்போது நிறுத்துவது

"மலேரியாவுக்கு ஊசி போட்டாச்சு" என்று சொல்லிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் போட்டுக்கொண்டது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அதற்கும் மலேரியாவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆர்டிஎஸ்,எஸ், ஆர்21 என்று மலேரியாவுக்கு இரண்டு தடுப்பூசிகள் வந்திருப்பது உண்மைதான். ஆனால் அவை நோய் பரவும் பகுதிகளிலேயே வாழும் சிறு குழந்தைகளுக்கானவை, பயணிகளுக்கு அல்ல. பயணிக்கு இருப்பவை மாத்திரை, கொசுவிரட்டி, வலை, காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. இவற்றில் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது மாத்திரையின் நாள் கணக்கில். அதனால் நான்காவது படியை நீளமாக எழுதியிருக்கிறேன்.

படி 1: நாட்டை அல்ல, இடத்தைப் பாருங்கள்

"தென்னாப்பிரிக்கா போகிறேன், மாத்திரை வேண்டுமா?" என்ற கேள்விக்கு நேரான பதில் கிடையாது. கேப் டவுனில் மலேரியா இல்லை. அதே நாட்டின் வடகிழக்கில் க்ரூகர் பூங்கா இருக்கும் தாழ்நிலப் பகுதியில் உண்டு, அதுவும் முக்கியமாகச் செப்டம்பர் முதல் மே வரை. பெருவில் கூஸ்கோ, மாச்சு பிச்சு மட்டும் பார்த்துத் திரும்பினால் கவலை இல்லை. அங்கிருந்து அமேசான் பக்கம் இக்கிடோஸ் போனால் கதை வேறு. எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபா உயரத்தில் இருப்பதால் தப்பிக்கிறது, கீழே இறங்கினால் தப்பாது. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் மலேரியா ஒட்டுண்ணியால் கொசுவுக்குள் வளர முடிவதில்லை. நைஜீரியா, கானா போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அங்கே நாடு முழுக்க, வருடம் முழுக்க உண்டு.

பழைய பட்டியலை நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் இலங்கையை 2016-இலும், சீனாவை 2021-இலும், கேப் வெர்டேயை 2024-இலும் மலேரியா இல்லாத நாடுகளாக அறிவித்துவிட்டது. மறுபக்கம், மலேரியா பரப்பும், நகரத்தில் வாழப் பழகிய அனாஃபிலிஸ் ஸ்டீபென்சி கொசு 2012-இல் ஜிபூட்டியில் தென்பட்டது, பிறகு ஆப்பிரிக்காவின் வேறு சில நாடுகளுக்கும் பரவியிருக்கிறது. "நகரத்துக்குள்தானே இருக்கப் போகிறோம்" என்பது எல்லா இடத்துக்கும் செல்லாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் நாடு வாரியான பக்கத்தைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். எந்த மாகாணத்தில், எந்த உயரத்துக்குக் கீழே, எந்த மருந்து வேலை செய்யாது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஒரு தாளில் இரவுக்கு ஒரு வரி எழுதுங்கள்: தேதி, தூங்கும் ஊர், அதன் உயரம், தங்குமிடம் ஏசி அறையா கூடாரமா. பகலில் எங்கே சுற்றினீர்கள் என்பது இரண்டாம் பட்சம். மலேரியா பரப்பும் பெண் அனாஃபிலிஸ் அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரைதான் கடிக்கும்.

மலேரியா உள்ள ஊரிலேயே பிறந்து வளர்ந்து, பிறகு வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன வயதில் கிடைத்த எதிர்ப்பு அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். தொடர்ந்து கடிபடாவிட்டால் அது தேய்ந்துவிடும். சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள் மாத்திரை இல்லாமல் போய் நோயோடு திரும்புவதற்கு இதுதான் பெரிய காரணம்.

படி 2: மருத்துவரிடம் எதைச் சொல்ல வேண்டும்

நான்கிலிருந்து ஆறு வாரம் முன்னால் போவது நல்லது. நாளை மறுநாள் விமானம் என்றாலும் போங்கள், ஒரு நாள் முன்னால் தொடங்கும் மருந்தும் உண்டு. மேலே எழுதிய தாளோடு, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும், குழந்தைகளின் எடையையும் கொண்டு போங்கள். எடைதான் முக்கியம், வயது அல்ல. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை: வலிப்பு, மனச்சோர்வு அல்லது பதற்றத்துக்கு எப்போதாவது சிகிச்சை எடுத்தது, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுவது.

கர்ப்பிணியாக இருந்தால், தள்ளிப்போட முடிந்த பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி. கர்ப்ப காலத்தில் மலேரியா தாயையும் சிசுவையும் கடுமையாகத் தாக்கும், கையில் இருக்கும் மருந்துகளும் குறைந்துபோகும்.

படி 3: எந்த மாத்திரை

முடிவு மருத்துவருடையது. என்றாலும் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

இரண்டு மூன்று வாரப் பயணம் என்றால் என் ஓட்டு அட்டோவகோன்-ப்ரோகுவானிலுக்கு. பெரியவர்களுக்கு 250/100 மி.கி. மாத்திரை, தினம் ஒன்று. பக்கவிளைவு குறைவு, திரும்பிய பிறகு சாப்பிட வேண்டிய நாட்களும் குறைவு. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

மாதக்கணக்கில் தங்குவதாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., இதுவும் தினம் ஒன்று. வெயில் பட்டால் தோல் சீக்கிரம் சிவந்து எரியும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் வேண்டாம் (சில நாடுகளில் 12 வயது என்று வைத்திருக்கிறார்கள்).

மெஃப்ளோகுயின் வாரம் ஒன்றுதான் என்பதால் வசதியாகத் தெரியும். ஆனால் கெட்ட கனவு, பதற்றம், தலைச்சுற்றல் எல்லாம் கூடவே வரலாம். மனநலச் சிகிச்சை எடுத்தவர்களும் வலிப்பு உள்ளவர்களும் தொடக் கூடாது. 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது. இரண்டு வாரம் முன்னாலேயே தொடங்கச் சொல்வதற்கு ஒரு காரணம், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊரில் இருக்கும்போதே தெரிந்து மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான். தாய்லாந்தின் மியன்மார், கம்போடிய எல்லைகளில் இது பலிக்காது.

குளோரோகுயினை வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துப் போகாதீர்கள். ஆப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியாவின் ஃபால்சிபாரம் (மலேரியா ஒட்டுண்ணிகளில் மிக ஆபத்தான வகை) அதற்கு எப்போதோ பழகிவிட்டது. ஹைட்டி போன்ற வெகு சில இடங்களுக்குத்தான் இப்போது உதவும்.

எதுவானாலும் முழுக் கணக்கையும் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். போகிற இடத்தில் போலி மாத்திரை கிடைக்கலாம், அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

படி 4: நாள் கணக்கு

கடைசி ராத்திரி கடித்த கொசுவை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் எச்சிலோடு உள்ளே போன ஒட்டுண்ணி சீக்கிரமே கல்லீரலுக்குப் போய் ஒளிந்துகொள்கிறது. அங்கே ஒரு வாரமோ அதற்கு மேலோ பெருகிவிட்டுத்தான் ரத்தத்துக்கு வருகிறது. டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் அடிப்பது முக்கியமாக ரத்தத்துக்கு வந்தவற்றை. நீங்கள் வீடு வந்து பெட்டியைப் பிரிக்கும்போது ஒட்டுண்ணி இன்னும் கல்லீரலில்தான் இருக்கும். அன்றைக்கு மாத்திரையை நிறுத்தினால், அது வெளியே வரும் நேரத்தில் ரத்தத்தில் காவலுக்கு மருந்தே இருக்காது. அதனால்தான் அந்த இடத்தை விட்ட பிறகும் 4 வாரம் சாப்பிட வேண்டும். அட்டோவகோன்-ப்ரோகுவானில் கல்லீரலுக்குள்ளேயே அடிப்பதால் 7 நாள் போதும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மலேரியா பகுதிக்குள் நுழைவது ஜூலை 12, வெளியேறுவது ஜூலை 21. இரண்டு நாளையும் சேர்த்து 10 நாள்.

- அட்டோவகோன்-ப்ரோகுவானில்: ஜூலை 11-இல் தொடங்கி ஜூலை 28 வரை. 1 + 10 + 7 = 18 மாத்திரை.
- டாக்ஸிசைக்ளின்: ஜூலை 11 முதல் ஆகஸ்ட் 18 வரை. 1 + 10 + 28 = 39.
- மெஃப்ளோகுயின்: ஜூன் 28, ஜூலை 5, 12, 19, 26, ஆகஸ்ட் 2, 9, 16. மொத்தம் 8.

பத்து நாள் பயணத்துக்கு 39 மாத்திரையா என்று பாதியைக் குறைத்து வாங்குவதுதான் வழக்கமான தப்பு. இன்னொன்றும் உண்டு. கணக்கு தொடங்குவது வீட்டில் இறங்கிய நாளிலிருந்து அல்ல, மலேரியா பகுதியை விட்ட நாளிலிருந்து. காட்டைப் பார்த்துவிட்டு மலேரியா இல்லாத நகரத்தில் ஐந்து நாள் தங்கினால் அந்த ஐந்தும் 7-இலோ 28-இலோ சேர்ந்துவிடும். ஆனால் இடையில் ஒரே ஒரு இரவு மறுபடி உள்ளே போனால், கணக்கு முதலிலிருந்து.

கைபேசியில் இரண்டு நினைவூட்டல் வையுங்கள்: தினசரி வேளைக்கு ஒன்று, கடைசி மாத்திரைத் தேதிக்கு ஒன்று. அட்டையின் பின்னால் பேனாவால் அந்தத் தேதியை எழுதிவிடுவது அதைவிட நல்லது, திரும்பிய இரண்டாம் வாரம் கைபேசி அலாரத்தை யாரும் மதிப்பதில்லை.

ஓரிரண்டு மாத்திரை உபரியாக வாங்குங்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 5: விழுங்கும் விதம்

அட்டோவகோன் கொழுப்போடு போனால்தான் உடம்பில் சேரும். வெறும் வயிற்றில் போட்டால் பெரும்பகுதி வீண். சாப்பாட்டோடு அல்லது ஒரு டம்ளர் பாலோடு, தினமும் ஒரே வேளையில். விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும், உபரி அதற்குத்தான். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு போட்டுக்கொள்ளாதீர்கள். அது ரத்தத்தில் அட்டோவகோனின் அளவைக் குறைத்துவிடும். வேறு மருந்து முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள்.

டாக்ஸிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்து, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். படுக்கப் போகும்போது ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்குவதுதான் நெஞ்சு எரிச்சலை வரவழைக்கும். இரும்புச்சத்து, கால்சியம், அமிலநீக்கி மாத்திரைகளைச் சில மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

படி 6: கடியே படாமல்

தோலில் பூசும் கொசுவிரட்டியில் டீட் என்ற மருந்து 20 முதல் 50 சதவீதம், அல்லது பிக்காரிடின் 20 சதவீதம் இருக்க வேண்டும். டீட் 50-க்கு மேல் போவதால் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை. டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கைக்கடிகாரக் கண்ணாடி, மூக்குக்கண்ணாடிச் சட்டம், ரேயான் துணியில் படாமல் பூசுங்கள். எனக்குப் பிக்காரிடின்தான் பிடிக்கும், இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சன்ஸ்க்ரீனும் பூசுவதாக இருந்தால் அது முதலில், காய்ந்த பிறகு விரட்டி மேலே. மாற்றிப் பூசினால் விரட்டி அடியில் மாட்டிக்கொள்ளும்.

முகத்துக்கு நேரடியாகத் தெளிக்காமல் உள்ளங்கையில் எடுத்துத் தடவுங்கள். ஆட்கள் விட்டுவிடும் இடம் கணுக்கால். சாயங்காலம் செருப்போடு வெளியே உட்கார்ந்தால் கொசு அங்கேதான் முதலில் வரும். கணுக்கால் எலும்பைச் சுற்றி, குதிகாலுக்கு மேலே உள்ள பின்நரம்பு வரை விடாமல் பூசுங்கள். அல்லது காலுறை போட்டுவிடுங்கள்.

துணிக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி, 0.5 சதவீதத் தெளிப்பான். சட்டையைத் திறந்த வெளியில் தொங்கவிட்டு இரு பக்கமும் ஈரமாகும் வரை அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே போட வேண்டும். தோலில் அடிப்பதற்கு அல்ல. வீட்டில் பூனை இருந்தால் காயும் வரை அண்ட விடாதீர்கள், அதற்கு இது விஷம்.

வலையை விளக்கொளியில் தூக்கிப் பிடித்து ஓட்டை பாருங்கள். ஊசியும் நூலும் பையில் இருக்கட்டும். ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும், தரையில் தொங்கவிட்டால் பயனில்லை. தூக்கத்தில் முழங்கை வலையைத் தொட்டபடி இருந்தால் வெளியே இருந்தே கடித்துவிடும். அகலமான, மருந்து ஏற்றிய வலையை வாங்குங்கள்.

பூண்டு, வைட்டமின் பி1, ஒலி எழுப்பும் கருவி, மணிக்கட்டுப் பட்டை எல்லாம் காசுக்குக் கேடு.

படி 7: காய்ச்சல் வந்தால்

உள்ளே நுழைந்து 7 நாளுக்குள் வரும் காய்ச்சல் பெரும்பாலும் வேறு எதுவோ. அதற்குப் பிறகு, திரும்பி ஒரு வருடம் வரை, முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், எந்தக் காய்ச்சலையும் மலேரியா இல்லை என்று நிரூபிக்கும் வரை மலேரியா என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும்தான். எந்த மாத்திரையும் நூறு சதவீதம் காப்பதில்லை.

குளிர், நடுக்கம், வியர்வை என்று வரிசையாக வரும் எனக் காத்திருக்காதீர்கள். தலைவலி, உடம்புவலி, வயிற்றுப்போக்கு என்று சாதாரண ஃப்ளூ மாதிரிதான் தொடங்கும். ஃபால்சிபாரம் ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் எட்டிவிடும். அன்றே மருத்துவமனைக்குப் போய், போன நாடு, ஊர், திரும்பிய தேதி, சாப்பிட்ட மாத்திரை நான்கையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். முதல் ஸ்மியரில் (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை) ஒன்றும் தெரியவில்லை என்றால் அத்தோடு விடாமல், 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள். உடனே முடிவு காட்டும் கார்டு டெஸ்ட் மட்டும் போதாது.

பின்னர் சேர்த்தது

மருத்துவமனையை 24 மணி நேரத்துக்குள் எட்ட முடியாத இடத்துக்குப் போகிறவர்கள் அவசர சிகிச்சைத் தொகுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கலாம். தடுப்புக்குச் சாப்பிடும் அதே மருந்து அதில் இருக்கக் கூடாது. அதைப் போட்டுக்கொண்டாலும் மருத்துவரிடம் போகும் பயணத்தை நிறுத்தக் கூடாது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் எட்டு மாதம் கழித்து மலேரியா வருமா? வரும். வைவாக்ஸ், ஓவேல் என்ற ஒட்டுண்ணி வகைகள் இரண்டும் கல்லீரலில் தூங்கிக் கிடந்து பிறகு விழிப்பவை. மேலே சொன்ன மாத்திரைகள் அந்தத் தூங்கும் நிலையைத் தொடுவதில்லை. அதை அழிப்பவை ப்ரைமாகுயினும் டாஃபினோகுயினும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இவை ரத்த அணுக்களை உடைத்துவிடும் என்பதால் முதலில் அந்தப் பரிசோதனை, பிறகுதான் மாத்திரை. அதனால் எட்டாம் மாதக் காய்ச்சலுக்கும் மருத்துவரிடம் பழைய பயணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அவராகக் கேட்க மாட்டார்.