கன்ட்ரி ப்ளூஸ் மறுவெளியீடுகளைச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு: ஆல்பத்தை அல்ல, ஒலிப்பதிவு நாளைத் தேடுங்கள்

கன்ட்ரி ப்ளூஸ் என்பது அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பினப் பாடகர்கள் பெரும்பாலும் கித்தாருடன் தனியாகப் பாடிய இசை. பழைய இசைத்தட்டுகளில் வந்த அந்தப் பாட்டுகளைத்தான் இன்று குறுந்தகடுகளாக மறுவெளியீடு செய்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாடகர்களில் ஒருவரான ஸ்கிப் ஜேம்ஸின் குறுந்தகடு ஒன்றை வாங்கினேன். 1931 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்து கிராஃப்டன் நகரில் அவர் பாடிய பாட்டுகள்தான் எனக்கு வேண்டியிருந்தன. அட்டையில் இருந்த தலைப்புகளும் பொருந்தின. ஒலிக்கவிட்டபோது கரகரப்பே இல்லாமல் ஒரு முதியவரின் குரல் வந்தது. 1964இல் மிசிசிப்பியின் டுனிகா மருத்துவமனையில் இளம் ரசிகர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு பழைய பாட்டுகளையே அவர் மறுபடி பாடிப் பதிவு செய்திருக்கிறார். அருமையான பாட்டுகள், ஆனால் நான் தேடியவை அல்ல. புதிதாகத் தொடங்கும் யாருக்கும் இந்த ஏமாற்றம் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: சிறிய கடலில் இறங்குங்கள்

பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் என்ற பாடகரில் தொடங்க வேண்டாம். நூறை ஒட்டிய பாட்டுகள் இருப்பதால் மூச்சுத் திணறிவிடும். ஸ்கிப் ஜேம்ஸின் 1931 பாட்டுகளில் நமக்குக் கிடைப்பவை 18 மட்டுமே. இன்னொரு பாடகரான மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடியவற்றில் எஞ்சியவை 13. இருவரில் யாரை எடுத்தாலும் ஒரே குறுந்தகட்டில் முழுவதும் அடங்கிவிடும். முதல் சேகரிப்பு முழுமையாக முடிந்துவிட்டால் அடுத்ததற்குத் தானாகத் தெம்பு வரும்.

படி 2: வாங்குவதற்கு முன் அட்டவணை போடுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஓர் ஆல்பமாக இருக்கக்கூடாது, ஓர் ஒலிப்பதிவாக இருக்க வேண்டும். பாடிய நாள், ஊர், மேட்ரிக்ஸ் எண், டேக் எண், வெளிவந்த இசைத்தட்டின் எண் என ஐந்து கட்டங்கள் போதும். இசைத்தட்டின் எண் இரு பக்கங்களுக்கும் பொது. மேட்ரிக்ஸ் எண் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியது, ஒலிப்பதிவின்போதே தரப்பட்டது. பாட்டின் உண்மையான அடையாளம் அதுதான். டேக் என்பது ஒரே பாட்டை ஒவ்வொரு முறை பாடிப் பதிவதைக் குறிக்கும்.

டேக் எண் ஏன் வேண்டும் என்பதற்குப் பாடகர் ராபர்ட் ஜான்சனே சாட்சி. 1936 நவம்பர் 27 அன்று டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ‘கிராஸ் ரோட் ப்ளூஸ்’ பாட்டை அவர் இருமுறை பாடினார். 1937இல் 78 சுழற்சி (நிமிடத்துக்கு 78 முறை சுழலும்) இசைத்தட்டாக வந்தது முதல் டேக். 1961இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட எல்பியில் (பல பாட்டுகள் கொண்ட நீண்ட இசைத்தட்டில்) இருந்ததோ இரண்டாவது டேக். தலைப்பை மட்டும் பார்ப்பவர் ஒன்றை வாங்கிவிட்டு இரண்டும் தன்னிடம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

இன்னொரு சிக்கல் மாற்றுப் பெயர்கள். மிசிசிப்பிப் பாடகர் சார்லி பாட்டனின் ஓர் இசைத்தட்டை பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனம் ‘முகமூடி அணிந்த அதிசயம்’ என்ற பொருளில் ‘தி மாஸ்க்ட் மார்வல்’ என்று அச்சிட்டு விற்றது. அவருடைய பக்திப் பாட்டு ‘எல்டர் ஜே. ஜே. ஹாட்லி’ என்ற பெயரில் வந்தது. ஜெஃபர்சனின் பக்திப் பாட்டுகள் ‘டீக்கன் எல். ஜே. பேட்ஸ்’ என்ற பெயரில் வந்தன. அட்டவணையில் இந்தப் பெயர்களையும் குறித்து வையுங்கள்.

தகவலுக்கு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் இணையத்தில் இலவசமாகத் தரும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுப் பட்டியல் நல்ல துணை. டிக்சன், காட்ரிச், ரை மூவரும் தொகுத்த ப்ளூஸ், காஸ்பல் (கிறிஸ்தவ பக்தி இசை) இசைத்தட்டு அட்டவணை நூல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தை விலை பார்க்க மட்டும் பயன்படுத்துகிறேன்.

படி 3: எந்த நிறுவனத்தின் வெளியீடு?

இசைத்தட்டுகளை அச்சிடப் பயன்பட்ட பாரமவுண்டின் மூல உலோகத் தகடுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அந்த நிறுவனத்துக்குப் பாடிய பாட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் ஆகியோரின் பாட்டுகள் எஞ்சிய இசைத்தட்டுகளிலிருந்து படியெடுக்கப்பட்டவையே. மலிவான கலவையில் அச்சிட்டதால் அவை புதிதாக இருந்தபோதே இரைந்தன. (அந்தத் தட்டுகளில் கலந்த ஷெல்லாக், இந்தியாவிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியான அதே அரக்குதான். இரண்டாம் உலகப் போரில் அரக்கு வரத்துக் குறைந்தபோது, அமெரிக்காவில் பழைய இசைத்தட்டுகளை வீடு வீடாகத் திரட்டி அரைத்தார்கள்.)

ஆகவே எந்தப் பிரதியிலிருந்து எடுத்தார்கள் என்பதே கேள்வி. ஆஸ்திரியாவில் ஜானி பார்த் தொடங்கிய டாக்குமென்ட் நிறுவனம் ஒவ்வொரு கலைஞரையும் கால வரிசைப்படி முழுமையாகத் தருகிறது. அட்டவணையை நிரப்ப அதுவே சிறந்தது, ஆனால் ஒலித்தரம் ஏறி இறங்கும். கேட்டு மகிழ யாசூ என்ற நிறுவனத்தின் வெளியீடுகளையே எடுப்பேன். பாட்டனை முழுதாக வேண்டுபவர்கள் ஜேஎஸ்பியின் பெட்டித் தொகுப்பை வாங்கலாம். 2001இல் ரெவனன்ட் வெளியிட்ட ஏழு குறுந்தகட்டுப் பெட்டி அழகானது, ஆனால் தொடக்கத்தில் அவ்வளவு செலவு தேவையில்லை.

இரைச்சலை முழுவதும் துடைத்துவிட்ட வெளியீடுகளை வாங்காதீர்கள். சோதிக்க எளிய வழி உண்டு. ஹெட்போனில் கேட்கும்போது, பாடகர் நிறுத்தியதும் கரகரப்பு அறவே மறைந்து, பாடத் தொடங்கியதும் திரும்பி வந்தால் இரைச்சல் வடிகட்டி அளவு மீறியிருக்கிறது. கித்தார் நரம்பின் ஓசை மெல்ல அடங்கும் அழகும் அங்கே வெட்டுப்பட்டிருக்கும்.

படி 4: கணினியில் சேமிப்பது

ஒலியில் எதையும் இழக்காமல் சேமிக்கும் ஃபிளாக் வடிவில் வையுங்கள். எம்பி3 போன்ற சுருக்க முறைகள் கரகரப்பைச் சுருக்கத் திணறும், அந்தச் செலவில் இசை அடிபடும். கோப்புக்கு ‘1936-11-27 எஸ்.ஏ. 2629-1’ என்பதுபோல நாளையும் மேட்ரிக்ஸ், டேக் எண்களையும் (எஸ்.ஏ. என்பது சான் அன்டோனியோ, கடைசி 1 என்பது டேக்) முதலில் எழுதிப் பிறகு தலைப்பை எழுதுங்கள். ஆண்டுக் கட்டத்தில் மென்பொருள் தானாக நிரப்பும் 1990, 2004 போன்ற வெளியீட்டு ஆண்டுகளை அழித்துப் பாடிய ஆண்டை இடுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், ‘முழுத் தொகுப்பு’ என்று அட்டையில் இருந்தால் நம்பலாமா என்று கேட்டார். வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். ஜான்சனின் 1990 ‘முழு’ப் பெட்டியில் 41 டேக்குகள், 2011 பதிப்பில் 42. சன் ஹவுஸ் 1930இல் பாடிய ‘கிளார்க்ஸ்டேல் மோன்’ இசைத்தட்டு பல பத்தாண்டுகள் யார் கையிலும் இல்லை. யாசூ அதை வெளியிட்டது 2006இல்தான். அதற்கு முந்தைய எந்த ‘முழு’த் தொகுப்பிலும் அது இருக்காது.

இன்னொருவர் இலவசமாகப் பதிவிறக்குவது பற்றிக் கேட்டார். 2018இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு நூறாண்டு காப்புரிமை உண்டு. பாட்டனின் 1929 வெளியீடுகள் அங்கே 2030 தொடக்கத்தில் பொதுவுடைமையாகும்.

கிடைக்காத பாட்டுகளுக்கும் அட்டவணையில் வரி ஒதுக்குங்கள். சன் ஹவுஸின் நண்பர் வில்லி பிரவுன் 1930இல் கிராஃப்டனில் பாடிய இசைத்தட்டு ஒன்று, பாரமவுண்ட் 13099, இன்றுவரை கிடைக்கவில்லை. என் அட்டவணையில் அதன் எண்ணும் ஊரும் எழுதியிருக்கின்றன, கோப்புக்கான கட்டம் காலியாகவே இருக்கிறது.